ஐந்தடிப் பலகையில் ஒரு யார்டு

மாதிரி ரயில் வாங்குகிறவர்கள் முதலில் போடுவது வட்டப் பாதைதான். பெட்டியோடு வரும் வளைவுத் துண்டுகளைக் கோத்து, எஞ்சினை ஏற்றி, குமிழைத் திருகினால் ரயில் சுற்றத் தொடங்கிவிடும். வீடே கூடி வேடிக்கை பார்க்கும். சில நாட்களில் எல்லாம் அட்டைப் பெட்டிக்குள் திரும்பிப் பரண் ஏறிவிடும். அந்த ரயிலுக்குச் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை என்பதே காரணம். எங்கிருந்தும் புறப்படவில்லை, எங்கும் போய்ச் சேரவில்லை, எதையும் ஏற்றி இறக்கவில்லை.

ஹாம்பர்க்கில் 2001-இல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாண்டையோ, புனேயில் ஜோஷி குடும்பத்தார் 1998 முதல் நடத்திவரும் சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்தையோ பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு வேறொரு ஆசை பிறக்கும்: மாடி அறை முழுக்க மலை, பாலம், ஊர் என்று போட்டுவிட வேண்டும். அந்த ஆசையை நான் தடுக்க மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன லேஅவுட்டை முழுதாக முடியுங்கள் என்பேன். தண்டவாளம் பதிப்பது, மின்சாரம் கொடுப்பது, சக்கரம் சரிபார்ப்பது, வேகன் கட்டுவது என இந்தக் கலையின் எல்லா வேலைகளும் ஐந்தடிப் பலகைக்குள் அடங்கும். கை பழகுவதற்கும் அதுவே போதும்.

இந்த அத்தியாயத்தில் நாம் கட்டப்போவது சரக்கு வேகன்களைப் பிரித்துக் கோக்கும் ஒரு ஷண்டிங் யார்டு. அலமாரித் தட்டில் வைக்கலாம், சாப்பாட்டு மேசையில் போட்டு ஓட்டலாம், வீடு மாறினால் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

கில்ஹாமிலிருந்து வந்த புதிர்

இங்கிலாந்தின் வட எல்லையில், நார்த்தம்பர்லாந்தில், ஆல்னிக்கிலிருந்து கார்ன்ஹில் போகும் கிளைப்பாதையில் கில்ஹாம் என்ற இடத்தில் வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் ஒரு சிறு சைடிங் இருந்தது. ஆலன் ரைட் என்ற ஆர்வலர் அதன் அமைப்பை எடுத்து ஒரு ஷண்டிங் புதிராக மாற்றினார். உலகம் அதை இங்கிள்நுக் என்று அறிகிறது. பாதையைப் பிரிக்கும் பாயிண்ட் இரண்டே, சைடிங் மூன்றே. நீளமான சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் ஷண்டிங் நெக்கில் எஞ்சினோடு மூன்று வேகன்களுக்கு மட்டுமே இடம்.

யார்டில் எட்டு வேகன்கள் இருக்கும். ஐந்து நீளமான சைடிங்கில், மூன்று குட்டை சைடிங் ஒன்றில், இன்னொன்று காலி. எட்டு வேகன்களுக்கும் எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி, ஐந்தை வரிசையாக எடுக்க வேண்டும். சீட்டு வந்த அதே வரிசையில் அந்த ஐந்து வேகன்களும் நீளமான சைடிங்கில் கோக்கப்பட்டு நிற்க வேண்டும். கையால் வேகனைத் தூக்கக் கூடாது. எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுக்கும் வழிகள் 6,720. அதனால் ஒரே ஆட்டம் மறுபடி வரும் என்ற பயம் வேண்டாம். கணித ஆய்வாளர்களும் இந்தப் புதிரை எடுத்து அலசியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஜான் ஆலன் 1972-இல் வெளியிட்ட டைம்சேவர் என்ற புதிரும் புகழ்பெற்றது. அதில் ஐந்து பாயிண்ட் உண்டு, சிடுக்கும் அதிகம். போட்டி வைக்க அது நல்லது. நிஜ யார்டு நடப்பது போன்ற உணர்வு இங்கிள்நுக்கில்தான் கிடைக்கிறது. முதல் பலகைக்கு என் பரிந்துரை அதுதான்.

ஊட்டி ரயிலைக் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் முதல் கனவு அதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும் ஊட்டிக்கு 1908-இலும் போன அந்தப் பாதையில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஆப்ட் முறைப் பல்தண்டவாளம் இருக்கிறது. ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று. ஐந்தடிப் பலகையில் அந்த ஏற்றத்தைப் போட்டால் ஒரு முனை மற்றதைவிட 127 மி.மீ. உயரும், அதில் ஏறும் எஞ்சினுக்கு நிஜமாகவே பல்சக்கரம் வேண்டும். மீட்டர் கேஜுக்குரிய 12 மி.மீ. பாதையில் பல்சக்கரத்தோடு ஏறும் ரயில்களை பெமோ போன்ற நிறுவனங்கள் சுவிட்சர்லாந்தின் ரயில்களை மாதிரியாக வைத்துச் செய்கின்றன. நீலகிரியின் பழைய எக்ஸ் வகை எஞ்சின்களும் சுவிஸ் நாட்டு விண்டர்தூரில் பிறந்தவைதான். எனவே அது நடக்காத கனவல்ல. இந்தப் பலகையை முடித்தபின் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை அது.

எந்த அளவு, எவ்வளவு இடம்

மாதிரி உலகில் அதிகம் புழங்கும் பாதை 16.5 மி.மீ. அகலம் கொண்டது. எச்.ஓ. எனப்படும் 1:87 அளவில் அது உலகின் ஸ்டாண்டர்ட் கேஜான 1,435 மி.மீ.க்குச் சரியாக வரும். நம் பிராட்கேஜ் 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. ஆகவே எச்.ஓ. பாதையில் நம் வேகனை நிறுத்தினால் பாதை கிட்டத்தட்ட 3 மி.மீ. ஒடுங்கித் தெரியும். இந்தியாவில் பெரும்பாலான ஆர்வலர்கள் இதை ஏற்றுக்கொண்டே கட்டுகிறார்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது கண்ணுக்குப் படாது. வேகனின் முகத்தை நேராகப் பார்த்தால் தெரியும்.

இதற்கு அழகான மாற்று வழி ஒன்று இருக்கிறது. அடிக்கு 3 மி.மீ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவை, அதாவது 1:101.6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிராட்கேஜ் என்பது ஐந்தரை அடி. ஐந்தரையை மூன்றால் பெருக்கினால் சரியாக 16.5. கடையில் கிடைக்கும் அதே தண்டவாளம் நம் பிராட்கேஜுக்கு அச்சாகப் பொருந்திவிடுகிறது! ஆனால் அந்த அளவில் எஞ்சினும் வேகனும் நீங்களேதான் கட்ட வேண்டும். கைவேலையில் தேர்ந்தவர்களும் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்களும் இதில் இறங்கலாம். முதல் பலகையை 1:87-இலேயே வைத்துக்கொள்வோம். எஞ்சினும் சக்கரமும் சுலபமாகக் கிடைக்கும்.

இடக் கணக்கைப் பார்ப்போம். நாற்சக்கர வேகன் ஒன்றுக்குக் கப்ளிங்கோடு 90 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஐந்துக்கு 450. ஆறு சக்கர ஷண்டிங் எஞ்சினுக்கு 130, மூன்று வேகனுக்கு 270, ஆக ஷண்டிங் நெக் 400. சிறிய வளைவுள்ள பாயிண்ட் ஒன்றின் நீளம் 185 மி.மீ. அளவில் இருக்கும், இரண்டுக்கு 370. கூட்டினால் 1,220 மி.மீ., அதாவது நாலடி. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு நாலடிப் பலகையை அறுத்துவிடாதீர்கள். சைடிங்கின் கொள்ளளவை ஃபவுலிங் மார்க்கிலிருந்துதான் அளக்க வேண்டும். இரண்டு பாதைகள் பிரிகிற இடத்தில், பக்கத்துப் பாதையில் போகும் வண்டி உரசாமல் இருக்க, வேகன் எதுவரை நிற்கலாம் என்று காட்டும் குறி அது. நிஜ யார்டில் அதைத் தாண்டி ஒரு சக்கரம் நின்றாலும் விபத்துக்கு வழி. பாயிண்டின் வாலிலிருந்து அந்தக் குறிவரை உள்ள துண்டு நமக்குப் பயன்படாத இடம். எனவே ஐந்தடி நீளம், ஓரடி அகலம். மூன்று பாதைகளையும் 50 மி.மீ. இடைவெளியில் போட்டபின் பின்புறம் ஒரு சரக்குக் கொட்டகைக்கும் முன்புறம் கொஞ்சம் வெற்றுத் தரைக்கும் இடம் மிஞ்சும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஷண்டிங் நெக்கின் நீளம்தான் இந்தப் புதிரின் உயிர். நான்காவது வேகன் நுழையும் அளவுக்கு அது நீண்டுவிட்டால் ஆட்டம் சப்பென்று போய்விடும். உங்களிடம் உள்ள எஞ்சினையும் மிக நீளமான மூன்று வேகன்களையும் பாதையில் நிறுத்தி அளந்த பிறகே முட்டுக்கட்டையை ஒட்டுங்கள்.

பலகை

12 மி.மீ. ப்ளைவுட் போதும். வாங்கும்போது அதன்மேல் உள்ள முத்திரையைப் பாருங்கள். 710 என்றிருந்தால் மரைன் ப்ளை. 303 என்றிருந்து பி.டபிள்யூ.ஆர். என்றும் போட்டிருந்தால் அதுவும் நம் வேலைக்குத் தாங்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் மலிவான ப்ளை ஒரு மழைக்காலத்தில் வில்லாக வளைந்துவிடும். பலகை வளைந்தால் அதன் மேல் உள்ள எந்த வேலையும் நிற்காது. அடியில் இரண்டுக்கு ஓரங்குல ரீப்பரில் சட்டம் அடியுங்கள், நடுவில் இரண்டு குறுக்குக் கட்டை. பிறகு ஆறு பக்கமும், அறுத்த விளிம்புகள் உட்பட, ப்ரைமர் அடித்துவிட வேண்டும். மேல்பக்கம் மட்டும் அடித்து அடிப்பக்கத்தை விட்டால் ஈரம் ஒரு பக்கமாக ஏறி முறுக்கிக்கொள்ளும். கரையான் உள்ள வீடானால் சட்டத்துக்கும் மருந்து அடித்துவிடுங்கள்.

தண்டவாளம்

மாதிரித் தண்டவாளத்தின் உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள். கோடு 100 என்றால் 2.54 மி.மீ., கோடு 75 என்றால் 1.9 மி.மீ. நம் மெயின் லைனில் உள்ள, மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் உயரம் 172 மி.மீ. 1:87-இல் அது 1.98 ஆகும். யார்டுகளில் அதைவிடச் சிறிய தண்டவாளம்தான் நெடுங்காலம் இருந்தது. 52 கிலோ தண்டவாளம் 156 மி.மீ., அளவில் 1.8. ஆகவே கோடு 75 நம் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். பழைய, ஆழமான விளிம்புச் சக்கரங்கள் உள்ள வண்டிகளை ஓட்ட நினைத்தால் மட்டும் கோடு 100 எடுங்கள்.

பலகையின் மேல் 3 மி.மீ. கார்க் ஷீட்டை ஒட்டி, அதன்மேல் பாதையை ஒட்டுவது வழக்கம். ஆணி வேண்டாம். ஆணித் தலை ஸ்லீப்பரை அழுத்தினால் அந்த இடத்தில் பாதை ஒடுங்கிவிடும். ஒடுங்கிய இடத்தில் சக்கரம் ஏறி இறங்கும். ஃபெவிகால் மெல்லிய படலமாகத் தடவி, பாதையை வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரவு முழுக்க விடுங்கள். பாயிண்டின் அசையும் நாக்குகளுக்குக் கீழே பசை போகவே கூடாது.

இணைப்புகளில் விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். ஒன்றரை மீட்டர் நீள உலோகம் 20 டிகிரி வெப்பம் ஏறினால் அரை மி.மீ. அளவுக்கு நீளும். மாடி அறையில் பங்குனி, சித்திரை வெயிலுக்கு அது நடக்கும். இடைவெளி இல்லாவிட்டால் பாதை பக்கவாட்டில் துருத்திக்கொள்ளும்.

பாதை பதித்ததும் மின்சாரத்துக்குப் போகாதீர்கள். ஒற்றை வேகனை எடுத்து, ஒரு விரலால் பலகை முழுக்க மெதுவாகத் தள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினால் இன்னும் நல்லது. இணைப்பில் ஒரு சின்னத் தட்டல், பாயிண்டில் ஒரு தயக்கம் எல்லாம் விரலுக்குத் தெரியும். தட்டுகிற இடத்தில் தண்டவாளத்தின் உள் விளிம்பை மெல்லிய அரத்தால் இழைத்துவிட்டு மறுபடி தள்ளுங்கள். ஜல்லி போட்ட பிறகு இந்த வேலையைச் செய்ய முடியாது.

மின்சாரம்

ஒரே ஒரு எஞ்சின் ஓடும் பலகைக்கு 12 வோல்ட் டி.சி. போதும். டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் முறை அருமையானதுதான். ஒரே பாதையில் பல எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்டும் பெரிய லேஅவுட்டுக்கு அது வேண்டும், இங்கே வேண்டாம். சுவர் பிளக்கில் செருகும் நல்ல தரமான 12 வோல்ட் அடாப்டர், மோட்டார் வேகத்தைக் குறைத்துக் கூட்டும் சிறிய பி.டபிள்யூ.எம். பலகை, திசை மாற்ற நடுவில் நிறுத்தம் உள்ள டி.பி.டி.டி. சுவிட்ச், இவ்வளவுதான் சாமான். எல்லாம் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். 230 வோல்ட் ஒயர் எதையும் பலகைக்கு அடியில் கொண்டுவராதீர்கள். குழந்தைகள் கை வைக்கும் இடம் அது.

எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவதற்குப் பெரும்பாலும் தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட்தான் காரணம். மாதிரியில் அந்தக் குட்டித் தகடே இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே மின்சாரத்தைக் கடத்த வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் காற்றில் அது சீக்கிரம் கறுத்துவிடும். அதை நம்பாமல், ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி ஒயர் இறக்குங்கள். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை எமரி தாளால் பளபளப்பாகத் தேய்த்து, துளி ஃப்ளக்ஸ் தடவி, 25 வாட் சால்டரிங் அயர்னால் முதலில் தண்டவாளத்துக்கும் ஒயருக்கும் தனித்தனியே ஈயம் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரு தொடுதல். மூன்று நொடிக்கு மேல் சூடு வைத்தால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும். பக்கத்து ஸ்லீப்பர்களின் மேல் ஈரப் பஞ்சு வைத்துக்கொள்வது நல்லது. முன்பக்கத் தண்டவாளம் எல்லாவற்றுக்கும் சிவப்பு ஒயர், பின்பக்கத்துக்குக் கறுப்பு. நடுவில் நிறம் தீர்ந்துபோனால் கடைக்குப் போய் வாங்கி வாருங்கள், வேறு நிறம் வைக்காதீர்கள்.

பாயிண்டில் இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் மூக்கை நம் ரயில்வேயில் கிராசிங் என்பார்கள். பாயிண்ட் வாங்கும்போது அந்த மூக்கு பிளாஸ்டிக்கா உலோகமா என்று பாருங்கள். ஷண்டிங் எஞ்சினின் சக்கரங்கள் நெருங்கி இருக்கும். பிளாஸ்டிக் மூக்கின் மேல் அது மெதுவாக வந்தால் மின்சாரம் விட்டு நின்றுவிடும். இந்தப் பலகையில் ஒரே ஆட்டத்துக்குள் எஞ்சின் எத்தனையோ முறை பாயிண்டைக் கடக்கும், ஊர்ந்தே கடக்கும். உலோக மூக்குள்ள பாயிண்டே வாங்குங்கள். மூக்கிலிருந்து புறப்படும் இரண்டு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஃபிஷ்பிளேட் போட்டுப் பிரித்துவிட்டு, மூக்குக்கு மட்டும் ஒரு மைக்ரோ சுவிட்ச் வழியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். பாயிண்டை மாற்றும் கம்பியே அந்த சுவிட்சையும் தட்டும்படி வைத்தால் துருவம் தானாக மாறிவிடும்.

வேகனின் எடை, சக்கரம், கப்ளிங்

ஷண்டிங் பலகையில் எஞ்சினைவிட வேகன்களுக்குத்தான் அதிக வேலை செய்ய வேண்டும். மூன்று வேகன்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு இரண்டு பாயிண்டைக் கடக்கும்போது, நடுவில் இருக்கும் லேசான வேகன்தான் தடம் புரளும். அமெரிக்காவில் 1935-இல் தொடங்கப்பட்ட என்.எம்.ஆர்.ஏ. சங்கம் இதற்கு ஒரு வாய்பாடு வைத்திருக்கிறது. எச்.ஓ. வேகனுக்கு அடிப்படையாக 28 கிராம், அதோடு உடல் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம். 80 மி.மீ. நீளமுள்ள நம் நாற்சக்கர வேகன் 72 கிராம் இருக்க வேண்டும் என்று கணக்கு வருகிறது. கடையிலிருந்து வரும் வேகன்கள் பல இதைவிட லேசாக இருக்கும். எட்டு வேகன்களையும் சமையலறைத் தராசில் போட்டு, குறைவதைச் சேருங்கள். கார் டயர் கடையில் சக்கரத்தில் ஒட்டுகிற வெயிட் 5 கிராம், 10 கிராம் துண்டுகளாகக் கிடைக்கும், பின்னால் பசையும் இருக்கும். வேகனின் தரையில், இரண்டு அச்சுக்கும் நடுவில், இயன்றவரை தாழ்வாக ஒட்டுங்கள். காந்தக் கப்ளிங் வைக்கப்போகிறீர்கள் என்றால் இரும்பு வெயிட் வேண்டாம், ஈயம் நல்லது. ஈயத்தைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

சக்கரத்துக்கு வருவோம். 16.5 மி.மீ. பாதையில் இரண்டு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே ஏறத்தாழ 14.5 மி.மீ. இருக்க வேண்டும். வெர்னியர் காலிபர் வைத்து ஒவ்வோர் அச்சையும் அளங்கள். அரை மி.மீ. குறைந்தால் பாயிண்டின் மூக்கருகே உள்ள காவல் தண்டவாளத்தில் ஏறும், கூடினால் மூக்கிலேயே இடிக்கும். சக்கரத்தைப் பிடித்து மெல்ல முறுக்கியே சரிசெய்துவிடலாம். பிளாஸ்டிக் சக்கரங்கள் தூசியைப் பிடித்துத் தண்டவாளம் முழுக்கப் பூசும் என்பதால் உலோகச் சக்கரமாக மாற்றிவிடுவது நல்லது. பிறகு வேகனைக் கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தி, மூலைக்கு மூலை நகத்தால் தட்டிப் பாருங்கள். ஆடினால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். அச்சு உட்காரும் குழியில் மெல்லிய தாள் துண்டு வைத்தோ, ஒரு அச்சு மட்டும் கொஞ்சம் ஊசலாடும்படி விட்டோ நான்கையும் தரையில் பதிக்க வேண்டும்.

கப்ளிங்கில் என் கட்சி கேடி (Kadee) நிறுவனத்தின் கப்ளர். நிஜ வேகன்களில் உள்ள சென்டர் பஃபர் கப்ளரின் தோற்றம் அதற்கு உண்டு. தண்டவாளங்களுக்கு நடுவே காந்தம் பதித்துவிட்டால் கை படாமலே கழன்றுகொள்ளும். வேகன்களைக் காந்தத்தின் மேல் நிறுத்தி, எஞ்சினை மயிரிழை பின்னால் தளர்த்த வேண்டும். கப்ளரின் கீழே தொங்கும் கம்பி வால்கள் பக்கவாட்டில் விலகி, முஷ்டிகள் திறந்துகொள்ளும். எஞ்சினைக் கொஞ்சம் விலக்கி மறுபடி தள்ளினால் முஷ்டிகள் ஒன்றோடொன்று கோக்காமல் முட்டி நிற்கும். அப்படியே வேகனை வேண்டிய இடம்வரை தள்ளிவிட்டு எஞ்சின் மட்டும் திரும்பி வரலாம்.

கேட்க நன்றாக இருக்கும் இந்தக் காந்தத்தில் ஒரு தொந்தரவும் உண்டு. வேகன்களைத் தள்ளிக்கொண்டு காந்தத்தைக் கடக்கும்போது கப்ளிங் தளர்ந்தால் வேண்டாத இடத்திலும் கழன்றுவிடும். ஓரடி அகலப் பலகையில் எல்லா வேகனும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் கைமுறையே சிறந்தது என்பது என் முடிவு. ஊதுபத்தியின் மாவைச் சுரண்டிவிட்டு, அந்த மூங்கில் குச்சியின் நுனியைத் திருப்புளி போலத் தட்டையாகச் சீவுங்கள். இரண்டு முஷ்டிகளுக்கும் நடுவே மேலிருந்து இறக்கி லேசாகத் திருகினால் கழன்றுவிடும். நிஜ யார்டில் பாயிண்ட்ஸ்மேன் வேகன்களுக்கு நடுவே போய்ச் செய்கிற வேலை இது. அதைச் செய்யும்போது ஆட்டத்துக்கு ஒரு நிதானம் வருகிறது.

மேசை மேல் ஒரு வேகன்

எட்டு வேகன்களில் ஒன்றையாவது நீங்களே கட்டுங்கள். மூடிய சரக்கு வேகன் முதல் வேலைக்கு ஏற்றது, ஏனென்றால் அது ஒரு பெட்டி. சக்கரச் சட்டத்தை மட்டும் விலைக்கு வாங்கி, உடலை 1 மி.மீ. ஸ்டைரீன் ஷீட்டில் வெட்டலாம். கத்தியால் ஒரேயடியாக அறுக்காமல், இரும்பு அடிக்கோல் வைத்து இரண்டு முறை கீறி மடக்கினால் நேராக ஒடியும். பக்கச் சுவர்களை மேசையில் கிடத்தியபடியே மெல்லிய பட்டைகளால் கதவுச் சட்டம், செங்குத்து விலா எல்லாவற்றையும் ஒட்டி முடித்துவிடுங்கள். நான்கு சுவரையும் சேர்த்த பிறகு ஒட்டப்போனால் கை நுழையாது. மூலைக்குச் செங்கோணம் பிடிக்க ஒரு பழைய இரும்பு ஸ்கொயர் போதும். கூரையை ஒட்டுமுன் உள்ளே வெயிட் வைக்க மறக்கக் கூடாது.

நிறம் செங்காவி. புதுப் பெயின்ட் அடித்த வேகன் பொம்மை போலத்தான் தெரியும், அதைப் பழசாக்குவதில்தான் கலை இருக்கிறது. மற்றவர்கள் மாதிரியைப் பார்த்து அழுக்காக்காதீர்கள். அருகில் உள்ள சரக்கு ஷெட்டுக்கு வெளியே நின்று நிஜ வேகனைப் பாருங்கள். சிமென்ட் ஏற்றும் வேகனில் கதவிடுக்கிலிருந்து சாம்பல் வெளுப்பு கீழ்நோக்கி வழிந்திருக்கும். சக்கரச் சட்டத்தில் பிரேக் தூள் கரும்பழுப்பாகப் படிந்திருக்கும். கைப்பிடிகளில் கை பட்டுப் பட்டு அழுக்கே இருக்காது. வண்ணச் சாக்கட்டியை உப்புத்தாளில் தேய்த்த பொடி, மென்தூரிகை, மேலிருந்து கீழாக மட்டும் போகும் வருடல், கடைசியில் மேட் வார்னிஷ். கதவின் ஓரத்தில் 2பி பென்சிலின் பக்கவாட்டால் ஓர் இழுப்பு இழுத்தால் பெயின்ட் போன இரும்பு தெரியும்.

எட்டில் ஒன்று கார்டு வேனாக இருக்கட்டும். அது சீட்டில் வந்தால் எந்த வரிசையானாலும் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆட்டம் கடினமாகும், ரயிலும் ரயிலாகத் தெரியும்.

ஜல்லியும் தரையும்

இந்திய ரயில்வேயின் ஜல்லி 20 முதல் 65 மி.மீ. வரை. 1:87-இல் அது முக்கால் மி.மீ.க்குள் அடங்கிவிடும். கட்டடம் கட்டும் இடத்திலிருந்து ஒரு டப்பா எம்-சாண்ட் கேட்டு வாங்குங்கள். கருங்கல்லை உடைத்துச் செய்தது என்பதால் நிறமும் முனைகளும் நிஜ ஜல்லியைப் போலவே இருக்கும். கழுவிக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, பெரியதை நீக்கி, அடியில் சேரும் மாவையும் ஒதுக்கிவிடுங்கள். பிறகு பாலிதீன் பையில் சுற்றிய காந்தத்தை அதன் மேல் நன்றாக ஓட்டி இரும்புத் துகள்களை எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் அவற்றை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம். அதில் உப்பும் உண்டு, கருமணலும் உண்டு.

ஜல்லியைப் பரப்பி, தூரிகையால் ஸ்லீப்பர்களுக்கு நடுவே ஒதுக்கி, ஸ்ப்ரே பாட்டிலால் பனி போல நனைத்து, நீர்த்த ஃபெவிகாலில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். அந்தத் துளி இல்லாவிட்டால் பசை உருண்டு மேலேயே நிற்கும். பாயிண்டின் நாக்குகளைச் சுற்றி மட்டும் கையால் சில கற்களை ஒட்டினால் போதும். யார்டின் தரைக்கு உலர்த்திய டீத்தூள் சக்கையும் சலித்த செம்மண்ணும் போதும். நிஜ யார்டில் ஜல்லி அங்கங்கே மண்ணுக்குள் புதைந்திருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும், தடத்தோரம் புல் முளைத்திருக்கும். ஊர்ப்பெயர் பலகை வைப்பதென்றால் மஞ்சளில் கறுப்பெழுத்து. தமிழ் மேலே, அடுத்து இந்தி, கீழே ஆங்கிலம்.

ஓட்டமும் நீட்டலும்

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் ஐசோப்ரோபில் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியால் தண்டவாளத்தின் தலையைத் துடைத்துவிடுங்கள். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், கீறலுக்குள் அழுக்கு சேரும். ஆட்டம் முடிந்ததும் பலகையைத் துணியால் மூடி வைக்க வேண்டும். நம் ஊர்த் தூசிக்கு இரண்டு நாள் போதும். இருவர் சேர்ந்து ஆடுவதானால் ஒருவர் டிரைவர், மற்றவர் பாயிண்ட்ஸ்மேன். பாயிண்டை மாற்றுவதும் குச்சியால் கழற்றுவதும் பாயிண்ட்ஸ்மேன் வேலை. அவர் கை காட்டாமல் டிரைவர் குமிழைத் தொடக் கூடாது. கடிகாரம் வைத்து அவசரப்படுத்தாதீர்கள். நிஜ ஷண்டிங் நடந்து போகிற வேகத்தில்தான் நடக்கும். எஞ்சின் அந்த வேகத்தில் திக்காமல் ஓடுகிறதென்றால் மேலே சொன்ன எல்லா வேலைகளும் சரியாக நடந்திருக்கின்றன.

பின்னாளில் இந்தப் பலகையைப் பெரிய லேஅவுட்டோடு சேர்க்க நினைப்பவர்கள், ஷண்டிங் நெக்கின் முனையில் உள்ள முட்டுக்கட்டையைக் கழற்றும்படி இரண்டு ஸ்க்ரூவில் வையுங்கள். பலகை விளிம்பில் தண்டவாளம் முடியும் இடத்தில் ஒரு பித்தளைத் தகட்டுக்கு ஈயம் வைத்து இறுக்கிவிட்டால், அடுத்த பலகையை முட்டும்போது முனை நகராது. சேர்த்த பிறகு பாதை நீண்டுபோய்ப் புதிர் கெட்டுவிடாமல் இருக்க, எஞ்சினும் மூன்று வேகனும் மட்டும் நிற்கும் இடத்தில் ஷண்டிங் லிமிட் போர்டு ஒன்றை நடுங்கள். நிஜப் பாதையில் உள்ளதைப் போல மஞ்சள் பலகையில் கறுப்புக் குறுக்குக்கோடு. ஷண்டிங் நடக்கும்போது எஞ்சின் அதைத் தாண்டக் கூடாது.